பேஸ் கிட்டார் ஆம்ப்ல சத்தம் பத்தல, வாட்ஸ் கூட்டணுமா வேற என்ன செய்யணும்?

உவரி நாலுகம்பி:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். நான் உவரி பக்கம், கோயில் பாடகர் குழுவுலயும் வெளிய ஒரு மெல்லிசைக் குழுவுலயும் பேஸ் வாசிக்கேன். எங்கிட்ட இருக்கது 100 வாட்ஸ் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில), உள்ள 12 இஞ்ச் ஸ்பீக்கர் ஒண்ணு. வீட்டுல வச்சி வாசிச்சா ஜன்னல் கண்ணாடி அதிருது, ஆனா கோயில் கொடைத் திருவிழாவுக்கு மேடையில ஏறி டிரம்ஸ் ஆரம்பிச்சிட்டா என் சத்தம் எங்க போச்சின்னே தெரிய மாட்டேங்கு. பேஸ் நாப்ப முழுசா திருப்பிப் பாத்தா கீழ் ஈ கம்பியத் தொட்டதுமே ஸ்பீக்கர் பர்ர்னு கிழியுத மாதிரி கத்துது. கூட வாசிக்கவங்களும் "தம்பி பேஸ் கேக்கவே இல்லடே"ங்காங்க.

பக்கத்து ஊர்ல ரிப்பேர் பாக்க ஒருத்தரு டிரான்ஸ்பார்மர மாத்தி, அவுட்புட் டிரான்சிஸ்டர் இன்னொரு ஜோடி போட்டு 200 வாட்ஸா ஆக்கித் தாரேன்னு சொல்லுதாரு. இல்லன்னா 300 வாட்ஸ் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) தனியா வாங்கிரலாமான்னும் யோசன. பின்னால எக்ஸ்டென்ஷன் ஸ்பீக்கர், மினிமம் 4 ஓம்னு போட்டு ஒரு ஜாக் வேற இருக்கு, அது எதுக்குன்னு தெரியல. ஆடி மாசம் கொடை நெறய ஒத்துக்கிட்டிருக்கோம், கையில ரூவா ரொம்ப இல்ல. எதைச் செஞ்சா நல்லதுன்னு சொல்லுங்க. இன்னொண்ணு, வாங்கின புதுசுல இருந்த சத்தம் இப்ப இல்லாத மாதிரியும் தோணுது, அது மனப்பிரமையான்னு தெரியல.

பாளை பேஸ்:

தம்பி, மொதல்ல அந்த டிரான்ஸ்பார்மர் மாத்துத வேலைய நிறுத்தி வைங்க. 100 வாட்ஸ 200 ஆக்கினா கிடைக்கது 3 டெசிபல். கொஞ்சம் கூடியிருக்குன்னு காதுக்குத் தெரியும், அவ்வளவுதான். ரெண்டு மடங்கு சத்தம்னு காது ஒத்துக்கிடணும்னா சுமாரா 10 டெசிபல் கூடணும், அதுக்கு 100 வாட்ஸ் 1000 வாட்ஸ் ஆவணும். இத எல்லாருக்கும் சொல்லணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம், ஏன்னா கடையில வாட்ஸ் எண்ணத்தக் காட்டித்தான் விக்காங்க, ஸ்பீக்கருக்கு சென்சிட்டிவிட்டின்னு ஒண்ணு இருக்குங்கத யாரும் எடுத்துச் சொல்லுததில்ல. ஒரு வாட் குடுத்து ஒரு மீட்டர் தள்ளி வச்சி அளந்தா எத்தன டெசிபல் வருதுங்கதுதான் அது. 95 வார ஸ்பீக்கர் இருந்த எடத்துல 98 வார ஸ்பீக்கர் போட்டா, ஆம்ப்ப தொடாமலே வாட்ஸ ரெண்டு மடங்கு ஆக்கினதுக்குச் சமம்.

அந்த பர்ர் சத்தத்துக்கு வாரேன். கீழ் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். ஒரு ஆக்டேவ் கீழ போனா அதே சத்தம் வாரதுக்கு ஸ்பீக்கர் கோன் நாலு மடங்கு தூரம் முன்ன பின்ன ஆடணும். ஒரே ஒரு 12 இஞ்ச் கோன் எம்புட்டுத்தான் ஆடும்? அதோட நீங்க பேஸ் நாப்ப முழுசா திருப்புதீங்க. அந்த எடத்துல 6 டெசிபல் கூட்டினா ஆம்ப் நாலு மடங்கு பவர் குடுக்கணும், 12 கூட்டினா பதினாறு மடங்கு. உங்க 100 வாட்ஸ் மொத்தமும் அந்த அடிச் சத்தத்துக்கே செலவாயிட்டு, மீதிக்கு ஒண்ணும் மிச்சமில்ல. அதான் கிழியுது, அதான் கேக்கவும் மாட்டேங்கு.

செஞ்சு பாருங்க: பேஸ் நாப்ப 12 மணிக்குக் கொண்டாங்க, அதுக்கும் கீழ 11ல வச்சாலும் தப்பில்ல. மிட்ட 2 மணிக்குத் தூக்குங்க. மிட் ரெண்டா பிரிஞ்சிருந்தா 250 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம், 800 பக்கம் கொஞ்சம். தனியா நின்னு வாசிச்சா மூக்கடைச்சவன் பேசுத மாதிரி இருக்கும், மனசுக்குப் பிடிக்காது, பொறுத்துக்கிடுங்க. டிரம்ஸும் கீபோர்டும் சேந்ததும் அதே டோன் தனியா எந்திரிச்சி நிக்கும். கூட்டத்துக்கு நடுவுல நம்ம பேஸ அடையாளம் காட்டுதது 41 ஹெர்ட்ஸ் இல்ல, அதே நோட்டுக்குள்ள சேந்து ஒலிக்க, அதுக்கு மேல இருக்க 82, 123, 164ன்னு போற ஹார்மானிக்ஸ்தான். அதுங்க கேட்டுட்டா அடி நோட்ட மூளையே போட்டு நிரப்பிக்கிடும். வீட்டுல மிட்ட குழி பறிச்ச மாதிரி கொறச்சி, பேஸும் ட்ரிபிளும் ஏத்தி வச்சி ரசிச்ச டோன் மேடையில காணாமப் போறதுக்கு இதான் காரணம்.

இன்னொரு விஷயம், இத பேசவே மாட்டாங்க. கீபோர்டுல ஸ்டைல் (தானா ஓடுத தாளமும் பின்னணியும்) போட்டு வாசிக்காங்களா? அந்த ஸ்டைலுக்குள்ள ஒரு பேஸ் டிராக் ஓடிக்கிட்டிருக்கும். நீங்க ஒரு நோட்டு, அது ஒரு நோட்டு, ரெண்டும் ஒரே எடத்துல முட்டி மொழுமொழுன்னு ஆயிரும். அந்த பேஸ் பார்ட்ட மியூட் பண்ணச் சொல்லுங்க, எடது கையில கனமா பிடிக்கதயும் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்க. காசு செலவில்லாம உங்க சத்தம் ஒரு படி ஏறும்.

கம்பி மாத்தி ரொம்ப நாளாச்சின்னா மாத்துங்க, செத்த கம்பியில ஹார்மானிக்ஸ் வராது. ஆக்டிவ் பேஸா இருந்தா 9 வோல்ட் பேட்டரியையும் பாத்துக்கிடுங்க.

டவுன் டிரம்மர்:

பேஸ் வாசிக்கவங்க எங்கள கொறை சொல்லுததுல நியாயம் இருக்கு, டிரம்ஸுக்கு வால்யூம் நாப் கெடையாது. ஆனா என் அனுபவத்துல 300, 500 வாட்ஸ் ஹெட் வச்சிருக்கவங்க கூட வாசிக்கும்போதுதான் எனக்கு பேஸ் தெளிவா கேட்டிருக்கு. ஹெட்ரூம்னு ஒண்ணு வேணும்லா, விரல் கொஞ்சம் அழுத்தமா பட்டா அந்த அடிய ஆம்ப் தாங்கணும். இப்ப வார கிளாஸ் டி ஹெட்டெல்லாம் தோள்பைக்குள்ள போயிருது, பஸ்ல ஏறிப் போறவங்களுக்கு அது எம்புட்டு வசதி. ரூவா இருந்தா வாங்குங்கன்னுதான் சொல்லுவேன்.

அதோட எல்லாரும் காதுல பிளக் வச்சிக்கிடுங்க. 85 டெசிபல்ல எட்டு மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாயிரும், 100 டெசிபல் வரும்போது கால் மணி நேரந்தான். நம்ம கச்சேரி கால் மணி நேரத்துலயா முடியுது? காதுக்குள்ள கீன்னு ஒரு சத்தம் நெலச்சிட்டா எந்த மருந்துக்கும் போவாது, சின்னப் பையங்கள்லாம் வாசிக்க வாராங்க, அவங்களுக்கு மொதல்லயே சொல்லிக் குடுக்கணும்.

அம்பை மைக்செட்:

நான் வாசிக்கவன் இல்ல, மைக்செட் வச்சிருக்கேன், கல்லிடக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மாதேவி பக்கம் கொடைக்கும், கெழக்க அசனப் பண்டிகைக்கும் போடுதோம். டிரம்மர் தம்பி சொன்ன ஹெட்ரூம் சரிதான், ஆனா அந்த 500 வாட்ஸ எந்தப் பெட்டியில போடுவீங்கன்னு யோசிச்சிக்கிடுங்க. உவரி தம்பி காம்போவுல இருக்க அதே ஒத்த 12 இஞ்ச்ல 500 வாட்ஸ மாட்டினா ஒரே பாட்டுல காயில் கருகிரும்.

வீட்டுக்குள்ள நாலு சுவரும் மேல தளமும் அடிச் சத்தத்தத் திருப்பித் திருப்பி அனுப்புது, அதான் ஜன்னல் அதிருது. கொடைப் பந்தல்ல என்ன சுவரு இருக்கு? மூணு பக்கமும் வெட்டவெளி. தூரம் ரெண்டு மடங்கு ஆக ஆக 6 டெசிபல் போயிரும். பெட்டிக்கு ஒரு மீட்டர்ல 100 இருந்தா பதினாறு மீட்டர்ல 76தான். அதுக்கு அங்கிட்டு உக்காந்திருக்க சனத்துக்கு மேடையில இருக்க ஆம்ப வச்சி பேஸ் கேக்க வைக்கணும்னு நெனக்கதே தேவையில்லாத சொம. 1969ல ஆம்பெக் எஸ்விடி 300 வாட்ஸோட, எட்டு 10 இஞ்ச் ஸ்பீக்கர் உள்ள பெட்டி ரெண்டு வைக்கணும்னு வந்துச்சி, ஏன்னா அப்ப பெரிய மேடையிலயும் பேஸ் சத்தம் மேடையில இருந்தேதான் போவணும். இப்ப எங்க செட்டுல 18 இஞ்ச் பேஸ் பாக்ஸ் நிக்குது, அத தாராளமா பயன்படுத்துங்க தம்பி.

ஆம்புக்குப் பின்னால டிஐ அவுட்னு, மிக்ஸருக்கு சிக்னல் குடுக்கதுக்குன்னே மூணு பின் உள்ள எக்ஸெல்ஆர் ஓட்டை இருக்கும், அதுல இருந்து மிக்ஸருக்கு ஒரு லைன் குடுங்க. ப்ரீ, போஸ்ட்னு சுவிட்ச் இருந்தா ப்ரீயில வைங்க, அப்பதான் நீங்க மேடையில உங்க காதுக்காக நாப்ப திருப்பினாலும் வெளிய சத்தம் மாறாது. டிஐ அவுட் இல்லன்னா தனியா டிஐ பாக்ஸ் ஒண்ணு வாங்கிக்கிடுங்க, ஹெட் வாங்குத ரூவாயில ஒரு சின்னப் பங்குதான் ஆவும். ஆக்டிவ் டிஐன்னா மிக்ஸர்ல இருந்து 48 வோல்ட் வரணும், சின்ன செட்டுக்காரங்க மிக்ஸர்ல அது சில நேரம் இருக்காது, அதனால பேட்டரியிலயும் ஓடுதது நல்லது. ஒண்ணு மட்டும் செய்யக் கூடாது, ஆம்போட ஸ்பீக்கர் அவுட்ட எடுத்து மிக்ஸர்ல சொருகிராதீங்க, இன்புட் போயிரும்.

ம்ம்ம்னு ஹம் வந்தா டிஐயில கிரவுண்ட் லிஃப்ட் பட்டன அமுக்குங்க. நெறய பேரு அதுக்கு பிளக்ல இருக்க எர்த் பின்ன முறிச்சிருதாங்க, தயவு செஞ்சு அத மட்டும் செய்யாதீங்க. ஜெனரேட்டர் ஒரு பக்கம், சீரியல் செட்டு ஒரு பக்கம், மழ பெஞ்ச ஈர மண்ணு, ஆம்ப் பாடியில கசிவு இருந்தா கையில கம்பியப் பிடிச்சிக்கிட்டு வாய மைக்குல வைக்கும்போது பாடுதவன் உசிரே போயிரும்.

ஆம்ப்ப வைக்க எடத்தையும் பாருங்க. மேடைப் பலகைக்குக் கீழ வெறும் குழிதான், பெட்டிய நேரா பலகையில வச்சா பலகை சேந்து கும்முன்னு அதிரும், நோட்டு எதுன்னே தெரியாது. ஸ்டூலோ பெஞ்சோ போட்டு ஏத்தி வைங்க, முன்பக்கம் செங்கல் குடுத்து காத பாத்து சாச்சி வைங்க. எல்லாரும் முட்டுக்குப் பின்னால வச்சிட்டு கேக்கல கேக்கலங்காங்க, முட்டுக்கா காது இருக்கு?

உவரி நாலுகம்பி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டிஐ அவுட் இருக்கு, இதுவரைக்கும் யாரும் அதுல லைன் எடுத்ததில்ல. கீபோர்டுல பேஸ் பார்ட் ஓடுதான்னு கேட்டேன், ஆமா ஓடுதாம். அத நிறுத்திட்டு மிட்ட ஏத்தி பயிற்சிக்கு வாசிச்சிப் பாத்தோம், நல்ல வித்தியாசம்.

ஆனா மேடையில எனக்கும் டிரம்மருக்கும் இன்னும் கொஞ்சம் வேணும், நெறய ஊர்ல மானிட்டர் குடுக்க மாட்டாங்க. தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர்ட்ட 10 இஞ்ச் ரெண்டு உள்ள பெட்டி சும்மா கெடக்கு, பின்னால 4 ஓம்னு போட்டிருக்கு. அந்த எக்ஸ்டென்ஷன் ஜாக்ல அத மாட்டலாமா? எங்க ஊர் ஆசாரி புதுப் பெட்டி செஞ்சும் தாரேங்காரு, அது சரியா வருமா?

வண்ணார்பேட்டை சர்வீஸ்:

அந்த 4 ஓம் பெட்டிய மாட்டாதீங்க தம்பி. கணக்க சொல்லுதேன், நீங்களே போட்டுக்கிடலாம். ஓம்ங்கது கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டுத தடை. காம்போவுக்குள்ள இருக்க ஸ்பீக்கர் 8 ஓம்னு வச்சிக்கிடுவோம். 8ம் 4ம் பேரலல்ல சேந்தா 2.67 ஓம். உங்க ஆம்ப் 4க்குக் கீழ போவக் கூடாதுன்னு எழுதியிருக்கு. கீழ போனா கரண்டு கூடி அவுட்புட் டிரான்சிஸ்டர் சூடேறி ஷார்ட் ஆவும், ஷார்ட் ஆனா டிசி நேரா ஸ்பீக்கருக்குப் போயி அதயும் எரிச்சிரும். 8 ஓம் பெட்டின்னா 8ம் 8ம் சேந்து சரியா 4.

உள்ள இருக்கது எத்தன ஓம்னு மல்டிமீட்டர்ல பாருங்க. ஆம்ப்ப ஆஃப் பண்ணி ஸ்பீக்கர் வயர ஒரு பக்கம் கழட்டிட்டு அளங்க. 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டர்ல 8 காட்டாது, 6 பக்கம் காட்டும், 4 ஓம்னா 3க்கு கொஞ்சம் மேல காட்டும், அது டிசி ரெசிஸ்டன்ஸ், பயந்துக்கிட வேண்டாம். உள்ள இருக்கதே 4 ஓம்னா வெளிய எதையும் கூடச் சேக்கக் கூடாது.

8 ஓம்னு வந்துட்டா உங்களுக்கு ஒரு நல்ல சேதி. 100 வாட்ஸ்ங்கது 4 ஓம்ல குடுக்க கணக்கு. 100 வாட்ஸ் 4 ஓம்னா 20 வோல்ட், அதே 20 வோல்ட் 8 ஓம்ல 50 வாட்ஸ்தான் குடுக்கும், சப்ளை கொஞ்சம் தாங்கிப் பிடிச்சா 60 வரலாம். ஆக இதுவரைக்கும் நீங்க ஓட்டினது பாதி ஆம்ப். 8 ஓம் பெட்டி ஒண்ணு சேத்தா பவர் ஏறுதது கிட்டத்தட்ட 3 டெசிபல், கோன் பரப்பு கூடி ரெண்டு பெட்டியும் சேந்து தள்ளுததுல அடிச் சத்தத்துக்கு இன்னொரு 3, மொத்தம் 5, 6 டெசிபல் கிடைக்கும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க, மேடைக்கு ஆளுக்கொரு மூலையில வைக்காதீங்க. ஒவ்வொரு கோனும் ஆட வேண்டிய தூரமும் கொறையும், பர்ர்னு கிழியுததும் கொறையும்.

டிரான்ஸ்பார்மர் மாத்தி 200 ஆக்குத வேலைய நானும் செய்ய மாட்டேன், கேட்டு வந்தவங்களையும் திருப்பித்தான் அனுப்பியிருக்கேன். பவர் ரெண்டு மடங்கு ஆவணும்னா வோல்டேஜ் 1.41 மடங்கு ஆவணும். இப்ப உள்ள பிளஸ் மைனஸ் 35 வோல்ட் பக்கம் ஓடுதுன்னா 50 ஆக்கணும். ஃபில்டர் கெப்பாசிட்டர் மேல 50 வோல்ட்னு எழுதியிருந்தா விளிம்புல நிக்கும், ராத்திரி மெயின் சப்ளை 250ன்னு ஏறுத நாள்ல வெடிக்கும். டிரைவர் டிரான்சிஸ்டர், ஹீட்சிங்க், ஸ்பீக்கர், ஃபியூஸ் எல்லாமே பழைய கணக்குக்கு செஞ்சது. அம்புட்டயும் மாத்தினாலும் கிடைக்கது பாளைக்காரரு சொன்ன அதே 3 டெசிபல்.

சப்ளைன்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது, ஜெனரேட்டர்ல வோல்டேஜ் கொறஞ்சதாலதான் சத்தம் இல்லன்னு நெறய பேரு ஸ்டெபிலைசர் கேட்டு வாராங்க. 230 இருக்க எடத்துல 207 வந்தா பவர் நூறுக்கு எண்பத்தொண்ணு, அது ஒரு டெசிபல் கூட இல்ல. 180க்கு இறங்கினாலும் 2 டெசிபல் பக்கந்தான் போவும்.

அப்புறம் மொதல்ல எழுதினீங்களே, புதுசுல இருந்த சத்தம் இல்லன்னு, அது மனப்பிரமை இல்லாம இருக்கலாம். பின்னால எஃபெக்ட் பெடல் மாட்டுததுக்குன்னு எஃபெக்ட்ஸ் சென்ட், ரிட்டர்ன்னு ரெண்டு ஜாக் இருக்கான்னு பாருங்க. ரிட்டர்ன் ஜாக்குக்குள்ள ஒரு சின்னத் தகடு ஒட்டிக்கிட்டு நிக்கும், கேபிள் சொருகாத நேரத்துல சிக்னல் அது வழியாத்தான் தாண்டிப் போவணும். உங்கள மாதிரி கடக்கரை ஊர்ல உப்புக் காத்துக்கு அந்தத் தகடு கறுத்துப் போவும், சிக்னல் பாதிதான் தாண்டும். திசையன்விளை, மணப்பாடு, திருச்செந்தூர் பக்கம் இருந்து சத்தம் கொறஞ்சிட்டுன்னு வார ஆம்ப்ல இதத்தான் மொதல்ல பாப்பேன். சென்ட்ல இருந்து ரிட்டர்னுக்கு சின்ன பேட்ச் கேபிள் ஒண்ண சொருகி வாசிங்க. சட்டுன்னு சத்தம் ஏறினா அதான் கோளாறு. ஆம்ப்ப ஆஃப் பண்ணி கான்டாக்ட் கிளீனர் அடிச்சி கேபிள் பின்ன பத்துப் பதினஞ்சு தடவ உள்ள வெளிய சொருகி எடுங்க. அப்பவும் கேக்கலன்னா ஜாக்கையே மாத்தணும், பெரிய செலவில்ல.

ஆசாரி பெட்டி செய்யலாம், பலகை 18 எம்எம் பிளைவுட்ல நல்லாவே செய்வாரு, ஆனா எத்தன லிட்டர் உள்ளளவு, போர்ட் எத்தன இஞ்ச் விட்டம் எத்தன இஞ்ச் நீளம்ங்கத ஸ்பீக்கரோட டேட்டா ஷீட்ட பாத்து கணக்குப் போட்டு அவருக்கு எழுதிக் குடுக்கணும். பழைய பெட்டி ஒண்ண அளந்து அதே மாதிரி செஞ்சா உள்ள போடுத ஸ்பீக்கருக்கு அது பொருந்தாது. பேஸ் கிட்டாருக்குன்னு வார ஸ்பீக்கரா வாங்குங்க, கார் சப்வூஃபர் வாங்கிராதீங்க, அதோட சென்சிட்டிவிட்டி கம்மி, உங்க 100 வாட்ஸுக்கு அது அசையக்கூட அசையாது.

உவரி நாலுகம்பி:

அண்ணாச்சி, பேட்ச் கேபிள் சொருகிப் பாத்தேன், நீங்க சொன்ன மாதிரியே சத்தம் குபுக்குன்னு ஏறிட்டு! கிளீனர் வாங்கியாச்சி. மீட்டர்ல 6.1 காட்டுது, அப்ப 8 ஓம்தான. டிரான்ஸ்பார்மர் மாத்த வேண்டாம்னு ரிப்பேர்காரருட்ட சொல்லிட்டேன். 8 ஓம் 12 இஞ்ச் பெட்டி செகண்ட் ஹேண்ட்ல நாகர்கோயில்ல ஒண்ணு வெலைக்கு இருக்கு, பேசிக்கிட்டிருக்கேன். அத ஆம்போட இணைக்க எங்கிட்ட இருக்க கிட்டார் கேபிளே போதுமா? ரெண்டு பக்கமும் அதே மாதிரி பின்தான இருக்கு.

வண்ணார்பேட்டை சர்வீஸ்:

பின் ஒண்ணுதான், வயர் வேற. கிட்டார் கேபிளுக்குள்ள நடுக்கம்பி நூல் மாதிரி, சுத்தி வலை. ஸ்பீக்கருக்குப் போற கரண்டு அதுல போனா சூடேறி உள்ள இருக்க பிளாஸ்டிக் உருகி ரெண்டும் ஒட்டிக்கிடும், ஒட்டினா ஆம்புக்கு ஷார்ட். கடையில 1.5 ஸ்கொயர் ரெண்டு கோர் பிளெக்ஸிபிள் வயர் ஒரு மீட்டர் வாங்கி ரெண்டு பக்கமும் மோனோ ஜாக் வச்சி சால்டர் பண்ணுங்க, ஒரு ஜாக்கோட முனையில இருந்து வார வயர் அடுத்த ஜாக்கோட முனைக்கே போவணும். பெட்டியில ஸ்பீக்கான் (திருகிப் பூட்டுத ஸ்பீக்கர் பிளக்) இருந்தா ஒரு பக்கம் ஸ்பீக்கான், அதுல 1 பிளஸ், 1 மைனஸ்னு போட்ட முனைகள் மட்டும். மாட்டினதும் சின்ன சத்தத்துல வாசிக்கும்போது, ரெண்டு பெட்டியும் சேந்து அடி கூடுதான்னு கேளுங்க, ஒத்தப் பெட்டியில இருந்தத விட மெலிஞ்சிதுன்னா ஒரு கோன் முன்னால தள்ளும்போது இன்னொண்ணு பின்னால இழுக்குது, ஆம்ப்ப ஆஃப் பண்ணிட்டு புதுப் பெட்டியில மட்டும் பிளஸ் மைனஸ் வயர மாத்திப் போடுங்க. ஜாக் வேலைக்கு ஆள் வேணும்னா ஆம்ப்ப எடுத்துக்கிட்டு வாங்க, ஆடி பொறக்கதுக்கு முன்ன வாங்க, அதுக்கப்புறம் எங்க மேசையில எடம் இருக்காது.